சென்னைப் பிள்ளைகளோடு பாம்பன் தீவில் ஐந்து நாள் கடலறிவியல் முகாம்: ஏற்பாடு செய்வது எப்படி

முகாமுக்குத் தேதி குறிக்க முதலில் புரட்ட வேண்டியது, தினக்காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி போட்டிருக்கும் பக்கம். பள்ளி விடுமுறை, ரயில் டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கடல் மிக அதிகமாக ஏறி வற்றும் பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். சென்னையில் பெரிய ஓதத்தன்றுகூடக் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். பாம்பன் பக்கம் அதைவிடக் குறைவு. இந்தச் சின்ன வித்தியாசம்தான் கடற்புல் படுகை பிள்ளைகளின் முழங்கால் ஆழத்தில் கிடைக்குமா, மார்பளவுத் தண்ணீருக்கு அடியில் போய்விடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. மார்பளவுத் தண்ணீரில் பதின்மூன்று வயதுப் பிள்ளையால் எதையும் அளக்க முடியாது.

பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமி அன்றே உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும். ராமேசுவரத்தைப் பொறுத்தவரை இது நமக்கு நல்லதுதான். அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் நிற்க இடம் இருக்காது, விடுதிகளில் அறை கிடைக்காது, ஆட்டோ வாடகை ஏறிவிடும். மறுநாள் காலையில் ஊர் காலியாகிவிடும். அந்தக் காலையிலோ அதற்குப் பிறகோ ரயிலில் போய் இறங்குங்கள்.

அடுத்து, கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் இணையதளத்தில் ஓத முன்கணிப்பு இருக்கிறது. ஒரே இடத்தில் பெரிய ஓதத்தின் வற்றம் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் விழும். அதற்கடுத்த ஒவ்வொரு நாளும் வற்றம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். வற்றம் பிற்பகல் 3 மணிக்கும் பின்னிரவு 2.30-க்கும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் 3 மணிக்குப் பிள்ளைகளைக் கடலில் இறக்கக் கூடாது, இரவில் இறக்கவே கூடாது. நான்கு நாள் பொறுத்தால் பின்னிரவு வற்றம் காலை 6 மணிக்கு வந்துவிடும். ஓதம் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனாலும் வேலைக்கு ஆகும். பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் மிகச் சிறந்த வற்றத்தைவிடக் காலை ஆறரைக்கு வரும் சுமாரான வற்றமே மேல். நேர அட்டவணையில் "காலை 7 மணி: களப்பணி" என்று எழுதாமல் "வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு" என்று எழுதி, பக்கத்தில் அன்றைய மணியைப் போடுங்கள். ஐந்து நாளில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல் நகர்ந்துவிடும். காலை உணவும் அதன் பின்னாலேயே நகரட்டும்.

காற்று எந்தப் பக்கம்

பாம்பன் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. உள்ளூரில் முதலாவதை ஆண்கடல் என்றும் இரண்டாவதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். மே மாதத்தில் காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வலுக்கத் தொடங்கும். தென்கரை கொந்தளிக்கும்போது வடகரை குளம்போலக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது அப்படியே தலைகீழ். ஆகவே கோடை முகாமின் தண்ணீர் வேலை முழுவதையும் வடகரையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓலைக்குடா, சங்குமால், வில்லூண்டி தீர்த்தம் பக்கம். ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் பத்து நாளும் ஏற்ற காலம். மே பிந்தப் பிந்தக் காற்று கூடும்.

தனுஷ்கோடியையும் அரிச்சல்முனையையும் பார்க்கக் கூட்டிப்போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சுவர்களைப் பார்க்காமல் தீவின் கதை முழுமையாகாது. ஆனால் அங்கே கணுக்கால்கூட நனையக் கூடாது. இரண்டு கடலும் சேருமிடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கரையே காலடியில் சரியும்.

ஓதக் கணிப்பு காற்றையும் காற்றழுத்தத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி அடிக்கும் காற்று இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக் குவிக்கும். பெரிய ஓதம் உள்ள இடத்தில் இது கண்ணில் படாது. இங்கே அரை மீட்டர் ஆட்டத்துக்குள் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். "அட்டவணையில் வற்றம் என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் இறங்கவே இல்லையே" என்று பிள்ளைகள் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதையே அன்றைய பாடமாக்கிவிடலாம். கரையில் ஒரு கம்பை நட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து, கணிப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

தள்ளிப்போட முடியாத இன்னொரு வேலை, கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பார்ப்பது. தொலைதூரத் தென் கடலில் எழும் பெரிய அலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத நேரத்தில் நம் கரையில் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தபோதும் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஒவ்வொரு மாலையும் இன்காய்ஸ் அறிவிப்பைப் பாருங்கள். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் காலையில் போட்டுவிடுங்கள். மீனவர்களுக்கான வானிலைச் செய்தி பிள்ளைகளின் காதிலும் விழட்டும். உள்ளூர் மீனவர் ஒருவரை ஐந்து நாளும் சம்பளத்துக்கு உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் "இன்னிக்கு வேணாம்" என்றால் அன்று தண்ணீர் வேலை கிடையாது. இதில் விவாதத்துக்கு இடம் வைக்காதீர்கள்.

பவளத்தை விட்டு, புல்லைப் பிடியுங்கள்

பெற்றோரும் பிள்ளைகளும் எதிர்பார்ப்பது பவளப்பாறை. முதல்முறை கடலில் இறங்கும் பிள்ளைக்கு அது சரியான இடமல்ல. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் காலை ஊன்றத் தோன்றும், ஊன்றினால் பவளம் உடையும், பாதமும் கிழியும். கோடையில் பவளமே நலிந்த நிலையில் இருக்கிறது. 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்தைக் கண்ணாடிப் படகிலிருந்து காட்டுங்கள், போதும்.

கடற்புல் படுகையில் நின்று வேலை செய்யலாம், குனிந்து எண்ணலாம், ஐந்து நாளில் ஒரு கேள்விக்குப் பதில் தேடலாம். கடற்புல் பாசி அல்ல. வேர், கிடைத்தண்டு, பூ எல்லாம் உள்ள செடி. ஆவுளியா என்ற கடல்பசு மேய்வது இதைத்தான். ஓரா மீனும் நீலக்கால் நண்டும் குஞ்சாக வளர்வதும் இங்கேதான். பாக் விரிகுடாவில் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்ததற்குக் காரணமும் இந்தப் புல்வெளிதான்.

அனுமதி

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாக உள்ள 21 தீவுகள் அதில் அடக்கம். அவற்றில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. அதற்கு மேல் ஏதாவது திட்டம் இருந்தால் ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர், வயது, பொறுப்பாளர் விவரம், இடம், நேரம், செய்யப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். "மாதிரி எதுவும் எடுக்க மாட்டோம்" என்ற வரியைச் சேர்த்தால் வேலை சுலபம்.

அந்த வரியைக் காப்பாற்றுங்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டும் அதில் சேர்த்தி. சங்குகளிலும் சிப்பிகளிலும் சில அப்படியே. எது சேர்த்தி, எது இல்லை என்று பிள்ளையால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஒரே விதி: படம் எடு, பையில் போடாதே. திரும்பும் நாள் காலையில் பைகளை ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள். கட்டாயம் ஏதாவது விழும். சர்வதேசக் கடல் எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சென்னையில் முடிக்க வேண்டியவை

இருபது பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள் என்பது சமாளிக்கக்கூடிய அளவு. தண்ணீரில் நான்கு பிள்ளைக்கு ஒருவர், கரையில் எட்டுப் பேருக்கு ஒருவர். பெரியவர்களில் குறைந்தது இரண்டு பெண்கள். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் மட்டும் தனித்திருக்கக் கூடாது என்பதை எழுத்திலேயே வைத்துவிடுங்கள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். கோடைக் கூட்டத்தில் மறுநாள் போட்டால் இருபத்தைந்து பேருக்கும் ஒரே பெட்டி கிடைக்காது.

நீச்சல் சோதனையை நீச்சல் குளத்தில் வையுங்கள். 100 மீட்டர் நிற்காமல், எந்த முறையிலும். அதன் பிறகு சட்டை, கால்சட்டையோடு ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். தேறாத பிள்ளையையும் அழைத்துப் போகலாம், முழங்கால் ஆழத்துக்கு மேல் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். யார் யார் என்பதைத் தொப்பியின் நிறத்தால் பிரித்துவிடுங்கள். தூரத்திலிருந்தே தெரியும்.

கடற்புல்லை எண்ணத் தரையில் வைக்கும் சதுர அளவுச் சட்டம் செய்ய அரை அங்குல பிவிசி குழாய் வாங்குங்கள். 20 அடிக் குழாய் ஒன்றில் மூன்று சட்டம் வரும். 50 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு துண்டு வெட்டி, பசை தடவாமல் எல்போவில் செருகி, உள்பக்கத்தை அளந்து பாருங்கள். எல்போ ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கூட்டும். உள் அளவு சரியாக 50 சென்டிமீட்டர் வரும்வரை குழாயைச் செதுக்கிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். பக்கத்துக்கு நான்கு துளை, 10 சென்டிமீட்டர் இடைவெளியில். நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் 25 கட்டம். ஒவ்வொரு கட்டமும் நான்கு சதவீதம். குழாயில் இன்னும் சில துளைகள் போடாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டுச் சட்டம் மிதக்கும். முதல் நாள் காலையை வீணாக்குவது பெரும்பாலும் இந்தத் துளையைப் போட மறப்பதுதான்.

மிதவை உயிரி (பிளாங்க்டன்) பிடிக்கும் வலைக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில் பாலியஸ்டர் மெஷ் கேளுங்கள். சென்டிமீட்டருக்கு 43 இழை என்றால் கண் ஏறக்குறைய 150 மைக்ரான். இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, கோப்பிபோடு என்ற பொடி ஓட்டுயிர் எல்லாம் நிற்கும். 77 இழை என்றால் 70 மைக்ரான் போல, டயட்டம் என்ற நுண்பாசியும் கொஞ்சம் தேறும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு 43 போதும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் எம்பிராய்டரி வளையம் வாய்க்கு. துணியை 60 சென்டிமீட்டர் ஆரத்தில் 60 பாகை விசிறியாக வரைந்து, தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி மடித்துத் தைத்தால் வாய் விட்டம் கச்சிதமாக 20 வரும். கூம்பின் நுனியில் 12 சென்டிமீட்டரை வெட்டி எறிந்தால் 4 சென்டிமீட்டர் வாய் கிடைக்கும். அதில் சின்ன பாட்டிலைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். தையலின் ஊசித்துளை வழியே பாதி உயிர் நழுவிவிடும். இரட்டைத் தையல் போட்டு மேலே துணிப்பசை தடவ வேண்டும். வளையத்தில் மூன்று கயிறு, சேருமிடத்தில் தூண்டில் சுழலி. சுழலி இல்லாவிட்டால் இரண்டாவது இழுப்பிலேயே கயிறு முறுக்கிக்கொள்ளும்.

உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். கடல்நீர் மீன்தொட்டிக்கு விற்பதாக இருக்க வேண்டும். சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரைக் கொடுத்துவிடுவார்கள், அளவுகோலைப் பார்த்து வாங்குங்கள். மற்றபடி, 50 மீட்டர் ஃபைபர் அளவு நாடா மூன்று (இரும்பு நாடா இரண்டே நாளில் துருப்பிடிக்கும்), சாராய வெப்பமானி நான்கு, எழுத மணல்தாளால் தேய்த்த வெள்ளை பிவிசி பலகை, நூலில் கட்டிய பென்சில். பேனா ஒன்றும் வேண்டாம்.

ஒத்திகையை பெசன்ட் நகர் கடற்கரையில் காலை 6 மணிக்கு வையுங்கள், தண்ணீரில் இறங்காமல். சென்னைக் கரை செங்குத்தாக இறங்குவது, அலை முறியும் இடத்தில் இழுப்பு அதிகம். சட்டத்தை மணலில் போட்டு குழிநண்டு வளைகளை எண்ணச் சொல்லுங்கள். வளையின் வாய் அகலம் நண்டின் ஓட்டு அகலத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே அளவுகோல் ஒன்றிருந்தால் நண்டைப் பிடிக்காமலே சின்னது எத்தனை, பெரியது எத்தனை என்று பட்டியல் போடலாம். ஒரே சட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். முதல்முறை எண்ணிக்கை ஒத்துப்போகாது. காலடி பட்டு மூடிய வளையை ஒருவர் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். "எதை வளை என்று கொள்வது" என்று அவர்களே விதி எழுதியபின் மறுபடி எண்ணினால் நெருங்கிவிடும். இந்தச் சண்டை சென்னையிலேயே முடிந்துவிட்டால் தீவில் நேரம் மிச்சம். நேரமிருந்தால் சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையத்துக்கு எழுதிக் கேட்டு, பதப்படுத்தி வைத்திருக்கும் உயிரினங்களைக் காட்டிவிடுங்கள்.

கடற்புல் கணக்கெடுப்பு

உலகெங்கும் தன்னார்வலர்கள் பின்பற்றும் சீகிராஸ்-வாட்ச் முறையே போதும். கரைக்குச் செங்குத்தாகக் கடலை நோக்கி 50 மீட்டர் நாடா மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் தள்ளி. ஒவ்வொன்றிலும் 0, 5, 10 என்று 50 வரை பதினோரு இடம். ஆக 33 சட்டம். சட்டம் எப்போதும் நாடாவின் வலப்பக்கம், நடப்பது எப்போதும் இடப்பக்கம். இதை முதலிலேயே பழக்காவிட்டால் அளக்க வேண்டிய புல்லை மிதித்துவிட்டுப் பிறகு அளப்பார்கள்.

இருபது பேரை நான்கு குழுவாக்குங்கள். மூன்று குழு நாடாவுக்கு, நான்காவது கரையில் வெப்பமும் உப்பும் பார்க்க. தினமும் மாற்றுங்கள். குழுவில் ஒருவர் நாடா, ஒருவர் சட்டம், ஒருவர் எழுத்து, ஒருவர் படம். ஐந்தாவது பிள்ளைக்கு ஒரே வேலை: கடலைப் பார்த்து நிற்பது. அலை, படகு, நீர்மட்டம் எது மாறினாலும் குரல் கொடுக்க வேண்டும். மற்ற நால்வரும் குனிந்தே இருப்பார்கள் என்பதால் இந்த ஆள் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, வற்றம் கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுங்கள். காலில் பழைய பள்ளிக் கான்வாஸ் ஷூ, உள்ளே காலுறை. ஹவாய் செருப்பு சேற்றில் கழன்று மிதக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும், மிதித்தால்தான் கொட்டும்.

ஒவ்வொரு சட்டத்திலும் செய்ய வேண்டியது இந்த வரிசையில்: கலங்கல் அடங்க அரை நிமிடம் பொறுங்கள். நேர் மேலிருந்து படம். விரலால் மேல்மண்ணைத் தேய்த்து மணலா, சேறா, இரண்டும் கலந்ததா என்று எழுதுங்கள். பிறகு எத்தனை கட்டத்தைப் புல் மூடியிருக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அரைகுறையாக மூடிய கட்டங்களைச் சேர்த்து முழுக் கட்டமாக்க வேண்டும். எந்த இனம் எவ்வளவு என்பது அடுத்தது. நாடாபோல் நீண்டு அகன்ற இலை கடல்தாழை. உருளையாக நூடுல்ஸ் மாதிரி இருப்பது சிரிங்கோடியம். காசளவு வட்ட இலை ஜோடியாக இருந்தால் ஹாலோஃபிலா. இலை நுனி ரம்பப்பல்லாக இருந்தால் சைமோடோசியா செருலேட்டா. கடைசியாக உயரம்: மிக உயரமான இலைகளை விட்டுவிட்டு, மீதியில் மூன்று இலையை அடியிலிருந்து நுனிவரை நீட்டி அளந்து சராசரி. பிடுங்கக் கூடாது. அலையில் சாய்ந்த இலையை நிமிர்த்தாமல் அளந்தால் பாதி உயரம்தான் வரும்.

மூடல் சதவீதத்தில்தான் தவறு அதிகம் நேரும். தண்ணீருக்கு மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் சாய்ந்து கிடக்கும் இலைகள் எல்லாவற்றையும் மூடியது போலத் தோன்றும், 40 இருக்கும் இடத்தில் 80 என்று எழுதுவார்கள். முதல் நாள் ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு பேர் ஒருவர் காதில் விழாமல் மதிப்பிட்டு எழுதட்டும். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இடத்திலேயே நின்று பேச வேண்டும். இரண்டாவது நாளில் கை பழகிவிடும். முதல் நாள் தாளைத் தூக்கிப் போடாமல், "பயிற்சி" என்று மேலே எழுதித் தனியாக வையுங்கள். இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். "கரையிலிருந்து தள்ளிப் போகப்போகப் புல்லின் உயரம் கூடுகிறதா?" அல்லது "படகு கட்டும் இடத்தில் மூடல் குறைவா?" இதற்குமேல் ஐந்து நாளில் பதில் கிடைக்காது. படகுக் கேள்வியை எடுத்தால், நங்கூரம் இழுத்த தடம் புல்வெளியில் வெறும் மணல் கோடாகத் தெரியும். அதன் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

மிச்ச நேரம்

காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் யாரும் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் தரவை ஏற்றுவது, நுண்ணோக்கி, தூக்கம். ஒருநாள் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்துக்குப் போகலாம். 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் நெடுங்காலம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. பாசி எடுக்கும் பெண்கள் யாரையாவது அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள், கூலி கொடுத்து. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எது எந்த மாதத்தில், எந்தப் பாறையில் என்று அவர்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லை.

மீன் இறங்குதளம் பார்க்க நினைத்தால் ஒன்று நினைவிருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும், மீன் இருக்காது. நாட்டுப்படகுகள் வரும் கரைக்குக் காலையில் போங்கள். மீனின் உள்ளூர்ப் பெயரையும் படத்தையும் சேர்த்தே பதியுங்கள். சென்னையில் கவலை மீன் என்பது இங்கே சூடை.

மிதவை உயிரி இழுப்பை இருட்டிய பிறகு, சுமார் ஏழரைக்கு, படகுத்துறையிலிருந்து செய்யுங்கள். பகலில் ஆழத்தில் இருக்கும் பல உயிர்கள் இரவில் மேலே வரும். துறையின் ஓரமாக 50 மீட்டர், மெதுவான நடை வேகம், இரண்டு நிமிடம். வாய்ப்பரப்பு 0.0314 சதுர மீட்டர், 50-ஆல் பெருக்கினால் 1.57 கன மீட்டர். அதாவது 1,570 லிட்டர் கடல் அந்தச் சின்ன பாட்டிலுக்குள் வடிந்திருக்கிறது. வேகமாக இழுத்தால் வலை தண்ணீரைத் தள்ளிவிடும், உள்ளே எதுவும் நிற்காது. அடியில் தட்டினால் பாட்டில் நிறைய மணல். எடுத்ததும் ஈரத்துணி சுற்றி வையுங்கள். சூடானால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் செத்துவிடும். ஃபார்மலின் வேண்டாம். உயிரோடு பார்த்துவிட்டுக் கடலிலேயே விட்டுவிடலாம்.

ஒரு மாலை கரையில் பிளாஸ்டிக் தேடலாம். கடைசியாக அலை விட்டுப்போன குப்பை வரிசையில் அதே 50 சென்டிமீட்டர் சட்டத்தைப் போட்டு, மேல் 2 சென்டிமீட்டர் மணலை எடுத்தால் சரியாக 5 லிட்டர். காயவைத்துச் சலித்து, லிட்டருக்கு 360 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் கலக்கினால் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் மேலே வரும். பெட் பாட்டில் துண்டும் பிவிசியும் இந்த உப்புத் தண்ணீரிலும் மூழ்கும். ஆகவே கிடைத்த எண்ணிக்கை குறைந்தபட்சம்தான்.

தண்ணீரும் காயமும்

குடிக்க ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். இருபத்தைந்து பேருக்கு 20 லிட்டர் கேன் ஐந்து. தீவில் பல கிணறுகள் உப்பு, கேனுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். களத்துக்குப் போகுமுன் அரை லிட்டர் குடிக்க வைத்துவிட்டே அனுப்புங்கள். கடலில் நிற்கும்போது தாகம் தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், "கொஞ்சம் திக்காக" கூடாது.

சொறிமீன் பட்டால் கடல்நீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையைச் சாமணத்தால் எடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணல் போட்டுத் தேய்த்தாலும் மிச்சமிருக்கும் கொட்டு உறைகள் வெடிக்கும். வினிகர் எல்லா வகைக்கும் பொருந்தாது. எது கொட்டியது என்று தெரியாவிட்டால் கடல்நீரோடு நிறுத்துங்கள். திருக்கை, கெளுத்தி முள் குத்தினால் 45 பாகை செல்சியஸுக்கு மிகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் செயலிழக்கும். தண்ணீரை வெப்பமானியில் பார்த்து, உங்கள் கையையும் முதலில் விட்டுப் பாருங்கள். வலியில் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

கூம்பு வடிவ அழகான சங்கை யாரும் கையில் எடுக்கக் கூடாது, அதற்கு நஞ்சுக் கணை உண்டு. வலையில் சிக்கிய கடல்பாம்பையும் தொடக் கூடாது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கானது, கடல்பாம்புக்கு அல்ல. கடித்தால் கை காலை அசைக்காமல் அகலத் துணியால் அழுத்திச் சுற்றி, 108-ஐ அழையுங்கள். ராமேசுவரம் அரசு மருத்துவமனைக்கு வழியைப் பெரியவர்கள் முதல் நாளே நேரில் பார்த்து வைக்க வேண்டும். பெரிய மருத்துவமனை ராமநாதபுரத்தில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. மூன்று எண்ணையும் எழுத்துப் பலகையின் பின்பக்கம் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.

திரும்பும்போது

தரவு அன்றன்றைக்கே ஏற வேண்டும். ஈரப் பலகையில் எழுதியது மறுநாள் தேய்ந்து 3-ஆ 8-ஆ என்று தெரியாது. ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய, மூன்றாமவர் திரையைச் சரிபார்க்க வேண்டும். பலகையைப் படம் எடுத்த பிறகே துடையுங்கள். கோப்பில் தேதி, இடம், ஜி.பி.எஸ்., வற்ற நேரம், மதிப்பிட்டவர் பெயரெழுத்து ஐந்தும் இருக்கட்டும். அடுத்த கோடையில் இதே மூன்று கோட்டில் அளக்க வேண்டும் என்றால், நாடாவின் தொடக்க முனை எந்த மரத்திலிருந்து எத்தனை மீட்டர், திசைகாட்டியில் எத்தனை பாகை என்பதையும் சேர்க்க வேண்டும். ஜி.பி.எஸ். மட்டும் ஐந்து மீட்டர் பிசகும்.

கருவிகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் பெட்டியில் வையுங்கள். உப்போடு மூடிய மைக்ரான் வலை விறைத்து, மடிப்பில் கிழியும். நாடாவை முழுக்க வெளியே இழுத்துக் கழுவுங்கள், உள்சுற்றில் மணல் இருந்தால் அடுத்தமுறை எண்களையே அரித்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்தமுறை எடுத்ததும் வடிநீர் ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துவிட்டே கடல்நீரை விட வேண்டும்.